குஜிலியம்பாறை பஸ்ஸில் ஒரு முழுக்கைச் சட்டை

'அவசரமாகக் குஜிலியம்பாறை செல்ல வேண்டியிருப்பதால் இரண்டு நாள் விடுப்பு...' என்று எழுதி நீட்டினேன். சூப்பரிண்டெண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வயசுலயா?" என்றார்.

"ஐயோ, அது ஊர் சார்! திண்டுக்கல் மாவட்டம். ஒரு தாலுகா!"

"அப்படியும் ஒரு ஊரா?" என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த டேபிள் வரைக்கும் சிரிப்பு பரவியது.

ஊர்ப் பெயர்தான் சிரிப்பு. போன காரணம் அப்படி இல்லை. முந்தின நாள் ராத்திரி ஒரு போன். "மாப்ளே, ஒரு நடை வந்துட்டுப் போ. போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல." அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

பேசியவன் என் பழைய ரூம்மேட். 1990-களின் கடைசியில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், மூட்டைப்பூச்சிகளோடு சேர்த்து நாங்கள் ஐந்தாறு பேர் குடியிருந்தோம். பெயரை எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம். 'நண்பன்' என்றே வைத்துக்கொள்வோம்.

திண்டுக்கல்லில் இறங்கினால் பிரியாணி சாப்பிடாமல் யாரும் பஸ் மாறக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். சட்டத்தை மதித்துவிட்டுக் குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறினேன். சுமார் 40 கிலோமீட்டர். சிறுமலை முதுகுக்குப் பின்னால் மறைந்ததும் நிலம் காய்ந்துபோகிறது. எரியோடு, கோவிலூர் என்று ஊர்கள் வருகின்றன. நடுவில் சோளக்காடு, கடலைக்காடு, முருங்கைத் தோப்பு, மேய்கிற ஆடுகள். அங்கங்கே மண்ணைத் துளைத்துக்கொண்டு பாறை எட்டிப் பார்க்கிறது. ஊர்ப் பெயரில் பின்பாதிக்காவது காரணம் கிடைத்துவிட்டது!

என் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், மடியில் ஆட்டுக்குட்டி.

"குட்டிக்கு லக்கேஜ் போடணும் பெருசு" என்றார் கண்டக்டர்.

"உசுரு எப்படிய்யா லக்கேஜ் ஆகும்?"

இந்தத் தத்துவ விசாரம் கோவிலூர் தாண்டியும் முடியவில்லை. பஸ்ஸே கட்சி பிரிந்து விவாதித்தது. அப்போதே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். இந்த பஸ்ஸில் யாரும் தனி ஆள் இல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் எதற்காகத் திண்டுக்கல் போய்வருகிறார்கள் என்பதும் தெரியும். என் நண்பனின் பிரச்னையில் பாதி அதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது.

* * *

நண்பன் ஸ்டாப்பில் காத்திருந்தான். தலை நரைத்திருந்தது. போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். மழை பொய்த்த ஊரில் டாக்டருக்கு அடுத்த மரியாதை மோட்டார் ரிப்பேர்க்காரருக்குத்தான்.

டீக்கடையில் உட்கார்ந்த இரண்டு நிமிஷத்தில் என் ஊர், வேலை, சம்பளம், பிள்ளைகள் எத்தனை என்ற விவரங்கள் சேகரிக்கப்பட்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இந்த டீக்கடையிடம் ஒப்படைத்தால் அரசாங்கத்துக்குப் பல கோடி மிச்சம்.

பெஞ்சின் கோடியில் ஒரு பையன். 22 வயசு இருக்கும். அடிக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பட்டன் வரை போட்டிருந்தான். நண்பன் என் தொடையைத் தட்டி, "வா, தோட்டத்துப் பக்கம் போவோம்" என்று எழுந்தான்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "மேன்ஷன்ல கடைசி வருஷம் நான் எங்க எங்கயோ போய்ட்டு வருவேனே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருந்தது. ஓவர்டைம் என்று சொல்லுவான். ஓவர்டைம் அல்ல, ஊசி.

சென்னையில் அந்த நாளில் பிரவுன் சுகர் புகைத்தவர்களில் பலர் பிறகு ஊசிக்கு மாறினார்கள். நண்பன் போன இடத்தில் நாலு பேருக்கு ஒரே ஊசி. ஒன்றரை வருஷம். அதற்குப் பின் அவன் அப்பா வந்து கையைப் பிடித்து ஊருக்கு இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் எல்லாம் 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்' என்ற கதையை நம்பினோம். கல்யாணம், குழந்தை, கடை... இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அவனே அதை மறந்துவிட்டான். ரத்தம் மறக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான். மறுநாள், "ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ். இங்கே ஆபரேஷன் பண்ண முடியாது, வேற இடம் பாருங்க" என்று ஃபைலை நீட்டிவிட்டார்கள். அதைவிட, கொடுத்த நர்ஸ் ஃபைலின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாளாம். அதுதான் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

* * *

சி வைரஸ் கல்லீரலில் குடியேறுகிற வாடகைதாரர். சத்தம் போடமாட்டார், வீட்டை மட்டும் உள்ளுக்குள் இடித்துக்கொண்டிருப்பார். ஏறுகிறவர்களில் சிலருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. மற்றவர்களுக்குத் தங்கிவிடுகிறது. தங்கினால் 20 வருஷத்தில் 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு ஈரல் சுருங்கிக் கெட்டியாகும் ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிலருக்குப் புற்றுநோய். அதுவரை காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது.

"மோட்டார்ல காயில் எரிஞ்சா வாசனையாவது வரும் மாப்ளே. ஈரல் எரிஞ்சா அதுவும் வராது" என்றான் நண்பன். எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. இந்தியாவில் சுமார் 55 லட்சம் என்று 2024-ல் வந்த உலக சுகாதார நிறுவன அறிக்கை சொல்கிறது. எல்லோரும் ஊசிப் பழக்கம் உள்ளவர்கள் இல்லை. இந்தியாவில் தானம் செய்த ரத்தத்தில் இந்த வைரஸைச் சோதிப்பது 2001-ல்தான் கட்டாயமானது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கொதிக்க வைக்காத ஊசியால் குத்தப்பட்டவர்கள், திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்திக்கொண்டவர்கள் என்று பட்டியல் நீளம். ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான் பரவும். டம்ளர், தட்டு, கட்டிப்பிடித்தல், ஒரே பாய் எதனாலும் பரவாது.

இது தெரியாமல் நண்பன் வீட்டில் தனக்குத் தானே தனி டம்ளர் வைத்துக்கொண்டான். நம் பக்கத்தில் தனி டம்ளருக்கு வேறொரு கெட்ட சரித்திரம் உண்டு. அவன் மனைவி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கிணற்றில் வீசிவிட்டு, "என்னன்னு சொல்லுங்க, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்புறேன்" என்றிருக்கிறார். சொல்லிவிட்டான். "இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னு நெனச்சேன்!" என்று அழுதாராம். அந்த 'வேற என்னமோ' எது என்று இன்றுவரை அவன் கேட்கவில்லை. புத்திசாலி.

* * *

வைத்தியத்தின் கதை வேடிக்கையானது. இந்த வைரஸை அடையாளம் கண்டது 1989-ல்தான். கண்டுபிடிப்பில் பங்கு பெற்ற மூன்று பேருக்கு 2020-ல் நோபல் பரிசு. ரொம்ப காலம் இன்டர்ஃபெரான் ஊசிதான் மருந்து. பல மாதம், சில பேருக்கு ஒரு வருஷம் வரை. காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு. பாதிப் பேருக்குக் கேட்காது. போதைப் பழக்கம் உள்ளவர் என்றால் வாசலிலேயே 'உங்களுக்கு இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊசியால் நோய் வந்தவருக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. எப்படி நியாயம்!

2013-ன் கடைசியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் வந்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர்! 2014-ல் இந்தியக் கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்கும் லைசென்ஸ் கிடைத்ததும் விலை மடமடவென்று சரிந்தது. 2018 ஜூலை 28-ம் தேதி மத்திய அரசு, தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஈரல் சுருங்காதவருக்கு சோஃபோஸ்புவிரோடு டக்லாட்டஸ்விர் சேர்த்து 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணம். பஞ்சாபில் 2016 ஜூனில் மாநில அரசு மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே கொடுக்க ஆரம்பித்து, சுமார் 48,000 பேருக்குக் கொடுத்த கணக்கைப் பார்த்தாலும் இதே கதைதான்.

ஆக, நோய்க்கு மருந்து உண்டு. மருந்து இலவசம். பிறகு என்ன பிரச்னை?

"பஸ்தான்" என்றான் நண்பன்.

விரல் விட்டு எண்ணினான். முதலில் வந்த 'பாசிட்டிவ்' என்பது எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்று இன்னொரு சோதனை வேண்டும். அதற்கு ஒரு நடை. ரிசல்ட் வாங்க ஒரு நடை. ஸ்கேனுக்கு ஒரு நடை. மாத்திரைக்கு மாதம் ஒரு நடையாக மூன்று. முடித்து 12 வாரம் கழித்துக் கடைசிச் சோதனை, அதன் ரிசல்ட்... மொத்தம் எட்டு நடை! ஒவ்வொரு நாளும் கடைக்குப் பூட்டு. அந்த நாள் பார்த்துத்தான் நாலு பேர் மோட்டார் எரியும். "தண்ணியில்லாம பயிர் காயுது, நீ எங்கப்பா ஊர் சுத்துற?" என்பார்கள். பஸ்ஸில் ஏறினால், "என்ன, மறுபடியும் திண்டுக்கல்லா? என்ன சமாச்சாரம்?"

"எனக்குக் கடை இருந்துச்சு, பொண்டாட்டி இருந்தா, முடிச்சிட்டேன். ரிப்போர்ட்ல வைரஸ் இல்லைன்னு வந்துருச்சு. இப்ப ஊசி போட்டுக்கிட்டு இருக்கானே ஒருத்தன், அவன் எட்டு நடை நடப்பானா?"

"யாரு?"

"டீக்கடையில பாத்தியே, முழுக்கைச் சட்டை."

* * *

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

பையன் அவனுக்கு அண்ணன் முறை உள்ளவரின் மகன். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஆறு மாதம் முன் திரும்பியவன். இப்போது பிரவுன் சுகர் காலம் இல்லை. வலி நிவாரணி மாத்திரைகளை ஊசியாகப் போட்டுக்கொண்டு இளைஞர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதாக, இறந்ததாக, நம் மாநிலத்துப் பேப்பர்களில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. வெயிலில் முழுக்கைச் சட்டை, பகலில் தூக்கம், கடன். "நான் போட்ட வேஷம் எனக்குத் தெரியாதா?" என்றான் நண்பன்.

பையனிடம் பேச வேண்டும். பேசினால், 'உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தப்பா?' என்று கேட்பான். அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம்.

"நீ படிச்சவன். சொல்லு, என்ன பண்ணலாம்?"

எனக்குத் தெரிந்தது சென்னைக் கதைதான். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் டாக்டர் சுனிதி சாலமன். 1993-ல் அவர் ஆரம்பித்த ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு, ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்காகப் பல வருஷம் வேலை செய்தது. அங்கே 50 பேருக்கு இந்த சி வைரஸ் வைத்தியம் செய்து பார்த்தார்கள். 'இவர்கள் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள், வரமாட்டார்கள்' என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? சரி, அவர்கள் வர வேண்டாம். ஊழியர்கள் மாத்திரையை எடுத்துக்கொண்டு அவர்கள் இருக்கிற இடத்துக்கே போனார்கள். கண்ணெதிரே சாப்பிடவைத்தார்கள். பெரும்பாலோர் குணமானார்கள்.

சுனிதியின் மகன் டாக்டர் சுனில் சாலமன் இன்னும் ஒரு படி போனார். அவர் தலைமையில் பிரேசில், தென் ஆப்பிரிக்கா, தாய்லாந்து, உகாண்டா, அமெரிக்கா என ஐந்து நாடுகளில் சுமார் 400 பேருக்கு முதல் நாளே 84 மாத்திரைகளையும் மொத்தமாகக் கையில் கொடுத்தார்கள். நடுவில் சோதனை இல்லை, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லவில்லை. போனில் இரண்டு முறை விசாரிப்பு. 2022-ல் வெளியான முடிவு: 100-க்கு 95 பேர் குணம்! அதே வருஷம் உலக சுகாதார நிறுவனமும், பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம், ஊருக்குப் பக்கத்திலேயே சாதாரண டாக்டரும் நர்ஸும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

நண்பன் யோசித்தான். "மெட்ராஸ்ல ஒருத்தன் வந்து வீட்டு வாசல்ல மாத்திரை கொடுத்தா யாருக்கும் தெரியாது. இங்க கதவைத் தட்டினாலே தெருவே வெளிய வந்து நிக்கும்."

உண்மை. நகரத்துக்குச் சரியாக வருகிற யோசனை ஊரில் காலை வாரிவிடும்.

அப்புறம் அவனே சொன்னான். "ஆனா ஒண்ணு. எங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருதே..."

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்'. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைப் பையோடு வீடு வீடாக வருகிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த வீட்டுக்கு என்ன மாத்திரை என்று யாரும் பையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே பை.

"அந்தப் பையில இந்த மாத்திரையும் இருந்தா? எவனுக்குத் தெரியப் போகுது!"

நான் வாயடைத்துப் போனேன். காயில் கட்டுகிறவன் வேப்பமரத்தடியில் ஒரு சுகாதாரத் திட்டத்தையே போட்டுவிட்டான். தனிக் கிளினிக், தனி போர்டு, தனி க்யூ என்று வைத்தால் அதுவும் தனி டம்ளர்தான். எல்லோருக்கும் வருகிற பையில் வந்தால் மாத்திரையும் வரும், மானமும் போகாது.

"ஆனா பை வர்றதுக்கு முன்னாடி, சோதனை பண்ணிக்கடான்னு ஒருத்தன் சொல்லணுமே" என்றேன்.

"அதான் தெரியுதே" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

சென்னையிலும் சரி, ஊசிப் பழக்கமும் இந்த வைரஸும் சேர்ந்தே அதிகமாக உள்ள மணிப்பூரிலும் சரி, இந்த வேலையில் பழைய ஊசிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளத்தில் விழுந்தவனுக்குத்தான் ஏறுகிற வழி தெரியும். டாக்டர் சொன்னால் உபதேசம். போலீஸ் சொன்னால் மிரட்டல். அவன் சொன்னால்தான் பேச்சு.

* * *

அன்று ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பையனைக் கூப்பிட்டான். நான் காயில் கம்பிச் சுருளுக்குப் பின்னால் ஸ்டூலில், இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். நண்பன் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. தன் இடது கை மடிப்பைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் காட்டினான். பழைய தழும்பு.

"இது 1999. உனக்கு அப்பப் பேருகூட வைக்கல. இப்ப நீ காட்டு."

பையன் காட்டவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "வலிக்குமா சித்தப்பா?" என்றான்.

"எது?"

"அந்த டெஸ்ட்டு."

ஊசி போட்டுக்கொள்கிறவன் ஊசி வலிக்குமா என்று கேட்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. நண்பன் முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தா சந்தோஷம். இருந்தா மூணு மாசம் மாத்திரை. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. அம்மை மாதிரி ஒரு தடவை வந்தா திரும்ப வராதுங்கற கதை இதுல கிடையாது. மறுபடி ஊசியைப் பகிர்ந்தா மறுபடி வரும். பழக்கத்தை விடறதுக்கும் வைத்தியம் இருக்கு, ஒரே நாள்ல விடுன்னு நான் சொல்லல. நாளைக்குக் காலைல பஸ் ஏறு. அது போதும்."

"உங்க ரத்தத்துல இப்ப ஒண்ணும் இல்லியா?"

"வைரஸ் இல்ல. ஆனா முதல் டெஸ்ட்டு மட்டும் சாகற வரைக்கும் பாசிட்டிவ்னுதான் காட்டுமாம். எதிர்ப்புப் பொருள் ரத்தத்துல நின்னுருமாம்" என்றான் நண்பன். "போகட்டும். போரும் முடிஞ்சு, ஜெயிச்சும் வந்தவனுக்குத் தழும்பு இருக்காதா?"

மறுநாள் காலை முதல் பஸ். நண்பன், பையன், நான். கடைக்குப் பூட்டு, எட்டு நடையில் அவனுக்கு இது ஒன்பதாவது. பஸ்ஸில் நேற்றைய பெரியவர், ஆட்டுக்குட்டி இல்லாமல்.

"என்ன, மறுபடியும் திண்டுக்கல்லா?" என்றார். "தம்பியையும் கூட்டிட்டு? என்ன சமாச்சாரம்?"

பஸ்ஸே காதைத் தீட்டியது. பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நண்பன் ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு பெரியவரிடம் சத்தமாகவே சொன்னான்.

"ஈரல் டெஸ்ட்டு பெருசு. எனக்கு இருந்துச்சு, மாத்திரை சாப்பிட்டேன், சரியாப் போச்சு. இவனுக்கும் பாத்துருவோம்னு. 2001-க்கு முன்னாடி நீங்க ரத்தம் ஏத்திருக்கீங்களா?"

பெரியவர் திடுக்கிட்டார். "எங்க வீட்டுக்காரிக்கு... ரெண்டாவது பிரசவத்துல..."

"அப்ப அவங்களையும் ஒருக்கா பாத்துருங்க."

எரியோடு வருவதற்குள் பெரியவர் எந்த வார்டு, எவ்வளவு நேரம் ஆகும், வெறும் வயிற்றில் போகணுமா என்று விசாரித்துவிட்டார். முன் சீட்டிலிருந்து ஒரு அம்மாவும் திரும்பி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். கண்டக்டர் கூட டிக்கெட் கிழிக்கிற சாக்கில் நின்று கேட்டார். எந்த பஸ்ஸுக்கு நண்பன் இரண்டு வருஷம் பயந்தானோ, அதே பஸ்!

வெயில் ஏறிவிட்டது. பையன் இன்னும் மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றவில்லை. நண்பனும் கழற்றச் சொல்லவில்லை. இன்னும் சில நடை பாக்கியிருக்கிறதே!

திரும்பி வந்ததும் சூப்பரிண்டெண்ட் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "என்னய்யா, குஜிலி எப்படி?" என்றார்.

"பிரமாதம் சார்" என்றேன். "சார், உங்களுக்கு 1994-ல ஸ்கூட்டர் ஆக்ஸிடெண்ட் ஆச்சே, அப்ப ரத்தம் ஏத்தினாங்களா?"

சிரிப்பு அப்போதுதான் நின்றது.